நிதானம் இல்லாத ரெகுலர் கஸ்டமருக்கு ஊத்த மாட்டேன்னு சொன்னேன், மேனேஜர் வந்து ஊத்திக் குடுத்துட்டார். நான் செஞ்சது தப்பா?

மதுரைக்காரி
சனி, அதிகாலை 2:50

ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் ரூமுக்கு வந்தேன். தூக்கம் வரல, யார்கிட்டயாச்சும் சொல்லணும் போல இருக்கு, அம்மாகிட்ட சொன்னா நீ ஏன்டி அங்க வேலைக்குப் போறன்னு பேச்சு வேற பக்கம் போயிடும். அதனால இங்க எழுதறேன்.

நான் இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊர். ஸ்டூடண்ட் விசால வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பாக்கலாம், ரெண்டு மாசமா ஒரு பப்ல பார் வேலை. பப்னா நம்ம ஊர் டாஸ்மாக் பார் மாதிரி நெனச்சுக்காதீங்க, சாயங்காலம் நாயைக் கூட்டிக்கிட்டு தாத்தா பாட்டி எல்லாம் வந்து உக்காருவாங்க, ஞாயித்துக்கிழமை மதியம் குழந்தைங்களோட சாப்பிட வருவாங்க. எனக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு, அதனாலதான் இவ்ளோ கஷ்டமா இருக்கு.

தினமும் வர்ற ஒருத்தர் இருக்கார், அறுபது வயசு இருக்கும், நல்ல மனுஷன், என் பேரைச் சரியா சொல்லக் கத்துக்கிட்ட முதல் ஆளே அவர்தான். நேத்து வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கே வந்துட்டார். பத்து மணிக்கு கவுண்டருக்கு வந்து இன்னொரு பைண்ட் பீர் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல) கேக்குறப்போ கார்டு மெஷினை ஒரு கண்ணை மூடிக்கிட்டு பாக்குறார், பின் நம்பர் மூணு தடவை தப்பாப் போட்டார், கை பட்டு பக்கத்துல இருந்தவங்க கிளாஸ் கவுந்துடுச்சு. நான் மெதுவாத்தான் சொன்னேன், தண்ணி கொண்டு வர்றேன், இதுக்கு மேல பைண்ட் ஊத்த முடியாதுன்னு. அவ்ளோதான், கத்த ஆரம்பிச்சுட்டார், பப்பே திரும்பிப் பாக்குது. உள்ள இருந்து மேனேஜர் வந்தார், என்னன்னு கூட கேக்கல, அவரே பைண்ட் ஊத்திக் குடுத்து "இவ புதுசு, மன்னிச்சுக்கோ"ன்னு அவர் தோளைத் தட்டினார். அப்புறம் கிச்சன்ல என்கிட்ட "பதினஞ்சு வருஷமா வர்றவர், அவர் காசுலதான் உன் சம்பளம் வருது"ன்னார்.

பதினொன்றரைக்கு அந்த மனுஷன் வாசப்படியில கால் தவறி விழுந்து நெத்தி கிழிஞ்சு போச்சு. ஒரே ரத்தம். கூட குடிச்சுக்கிட்டு இருந்த இன்னொருத்தர் தன் கார்ல ஏத்திக்கிட்டு போனார்.

நான் சொன்னது தப்பா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் மேலயும் வருமா? விசாவுக்கு ஏதும் பிரச்சனை ஆகுமா?


வல்வை அண்ணா
சனி, காலை 7:15

தங்கச்சி, நீர் செய்தது சரி. அதை முதல்ல மனசில வச்சுக்கொள்ளும்.

நான் 2006ல இருந்து லண்டன்ல பப் வேலை. கிளாஸ் பொறுக்கிறதில துவங்கி இப்ப ஒரு இடத்துக்கு டிபிஎஸ்ஸா இருக்கிறன். டிபிஎஸ் எண்டா அந்த இடத்தின்ர குடிவகை வியாபாரத்துக்குப் பேர் குடுத்துப் பொறுப்பா நிக்கிற ஆள், பிழை நடந்தா பொலிசும் கவுன்சிலும் முதல் தேடுறது அவரைத்தான். இஞ்ச இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் இருக்கிறது 2003ம் ஆண்டு லைசென்சிங் சட்டம், 2005 நவம்பர்ல நடைமுறைக்கு வந்தது. அதில 141ம் பிரிவைப் பாரும். ஒரு ஆள் குடிவெறியில நிக்கிறார் எண்டு தெரிஞ்சுகொண்டு விக்கிறது குற்றம், விக்க விடுறதும் குற்றம். தண்டம் 1000 பவுண்ட் வரைக்கும் போகும், இல்லாட்டி பொலிஸ் அந்த இடத்திலயே 90 பவுண்டுக்கு எழுதிக் குடுக்கலாம். இது மனேஜருக்கு மட்டும் எண்டு நினைக்காதையும், கவுண்டருக்குப் பின்னால நிண்டு ஊத்துற ஆளுக்கும்தான். நேற்று உம்மட மனேஜர் ஊத்தினபடியா அது அவரின்ர தலையில. நீர் பயந்து ஊத்தியிருந்தா உம்மட தலையில.

விசா பற்றிக் கேட்டீர். விக்க மாட்டன் எண்டு சொன்னதுக்கு விசாவில ஒருத்தரும் கை வைக்க ஏலாது. இப்ப செய்ய வேண்டியது ஒண்டு, நேற்று நடந்ததை உம்மட போனிலயே திகதி நேரத்தோட எழுதி வையும். எத்தினை மணிக்குக் கேட்டார், என்ன பார்த்தீர், என்ன சொன்னீர், ஆர் ஊத்தினது. பேந்து எழுதலாம் எண்டு விட்டா ஞாபகம் மாறிப்போகும்.

மற்றது, அந்த மனுசன் எப்பிடி இருக்கிறார் எண்டு ஆராவது விசாரிச்சவையோ?


தூத்துக்குடி ராஜ்
சனி, காலை 10:40

சட்டம் அண்ணா சொல்றது சரிதான், ஆனா மேனேஜர் பக்கமும் கொஞ்சம் பாக்கணும்னு தோணுது. எங்க மச்சான் யார்க்‌ஷயர்ல ஒரு சின்ன பப்பை லீசுக்கு எடுத்து நாலு வருஷம் நடத்தினார், நான் வார இறுதில போய் உதவி பண்ணுவேன். கரண்ட் பில், கேஸ் பில், வாடகை, ப்ரூவரிகிட்ட அவங்க சொல்ற விலைக்கே பீப்பா வாங்கணும், இதெல்லாம் போக கையில நிக்கிறது ஒன்னுமில்ல. திங்கள் செவ்வாய் ராத்திரி வந்து உக்கார்ற எட்டுப் பத்து பேர்தான் அந்தக் கடையே. அதுல ஒருத்தர் கோச்சுக்கிட்டு எதிர் பப்புக்குப் போனா அவரோட நாலு பேர் போயிடுவாங்க. சின்னக் கடை வச்சவனுக்கு அந்தப் பயம் நெஞ்சுல இருந்துக்கிட்டே இருக்கும்.

தங்கச்சி தப்புன்னு சொல்லல. ரெண்டு மாசம் ஆன ஆள் ரெகுலர்கிட்ட எல்லார் முன்னாடியும் முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி மேனேஜரைக் கூப்பிட்டிருக்கலாம்.


மதுரைக்காரி
சனி, மதியம் 1:05

அண்ணா, இன்னிக்கு காலைல கூட வேலை பாக்குற பொண்ணு மெசேஜ் போட்டா. மூணு தையல் போட்டிருக்காங்களாம், வீட்டுக்கு வந்துட்டாராம். கேட்டதும் அழுதுட்டேன்.

ராஜ் அண்ணா, நீங்க சொல்றது புரியுது. கூப்பிட்டிருக்கணும். ஆனா அந்த நேரத்துல கவுண்டர்ல நான் ஒருத்திதான், எனக்கு அப்படி ஒரு வழி இருக்குன்னே யாரும் சொல்லல. வேலைல சேந்தப்போ டில் (பில் போடுற மெஷின்) எப்படி ஓட்டணும், பைண்ட் எப்படிச் சாய்ச்சு ஊத்தணும், 25 வயசுக்குக் கம்மியாத் தெரிஞ்சா ஐடி கேக்கணும், இது மூணும்தான் சொல்லிக் குடுத்தாங்க.


வல்வை அண்ணா
சனி, மாலை 4:30

ராஜ், உங்கட மச்சானின்ர கஷ்டம் எனக்கு வடிவா விளங்குது, நானும் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தான் ஒவ்வொரு மாசமும் பார்க்கிறன். ஆனா பதினைஞ்சு வருசமா வாற ஆளைத்தான் முதல்ல காப்பாத்த வேணும். அவர் படியில விழுந்து இடுப்பு முறிஞ்சா அடுத்த பதினைஞ்சு வருசம் ஆர் வாறது? இன்னொண்டு, மனேஜர் நேற்றுச் செய்ததில பெரிய பிழை அந்த பைண்ட் இல்லை. வேலை செய்யிற பிள்ளை "ஊத்த ஏலாது" எண்டு சொன்னதை சனத்துக்கு முன்னால வெட்டினதுதான் பெரிய பிழை. இனி அந்தக் கடையில ஒருத்தரும் "ஏலாது" எண்டு சொல்ல மாட்டினம். பதினேழு வயசுப் பெடியன் வந்து கேட்டாலும் ஊத்துவினம், ஏனெண்டா பின்னால ஒருத்தரும் நிக்க மாட்டினம் எண்டு அவைக்குத் தெரிஞ்சுபோச்சு.

எங்கட இடத்தில ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கிறன். ஆர் மறுத்தாலும், நேற்றுச் சேர்ந்த பிள்ளை மறுத்தாலும், அந்த இரவு முழுக்க அதுதான் தீர்ப்பு. அவ பிழையா மறுத்திருந்தாலும் நான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொல்லுவன், வாடிக்கைக்காரருக்கு முன்னால மாத்த மாட்டன். ஒரு பைண்ட் காசு போகுது, போகட்டும்.

தங்கச்சி, மறுக்கிறதிலயும் ஒரு கைப்பக்குவம் இருக்கு, அதை ஆரும் உமக்குச் சொல்லித் தரேல்லை. பத்து மணிக்கு மறுக்கிற ஆளை எட்டு மணிக்கே கவனிக்க வேணும். குரல் கூடுதோ, மேசையில இருந்து எழும்பேக்க கதிரையைப் பிடிக்கிறாரோ, ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறாரோ. அப்பவே சாப்பாடு ஏதும் வேணுமோ எண்டு கேட்கலாம், கேளாமலே ஒரு ஜக்கில தண்ணி கொண்டுபோய் வைக்கலாம். குழாய்த் தண்ணி கேட்டா காசில்லாமக் குடுக்க வேணும் எண்டு லைசென்ஸ் நிபந்தனையிலயே இருக்கு. அடுத்த பைண்டை ஊத்தக் கொஞ்சம் சுணங்கலாம். அரை பைண்ட் தரட்டோ எண்டு கேட்கலாம்.

அதுக்குப் பிறகும் மறுக்க வேண்டி வந்தா, நீங்கள் வெறியில நிக்கிறீங்கள் எண்டு ஒருக்காலும் முகத்துக்கு நேர சொல்லாதையும். அந்தச் சொல்லுத்தான் கத்த வைக்கிறது. "எனக்கு இனி உங்களுக்கு ஊத்த அனுமதி இல்லை, என்ர வேலை போயிடும், நாளைக்கு வாங்கோ" எண்டு உம்மட பக்கமாச் சொல்லும். ஏலுமெண்டா கவுண்டரின்ர ஒரு கரைக்குக் கூப்பிட்டு மெல்லமாச் சொல்லும், நாலு பேருக்கு முன்னால மானம் போனா எந்த மனுசனும் பாய்வான். கூட வந்தவரில ஆர் நிதானமா இருக்கினமோ அவரிட்டச் சொன்னா பாதி வேலை முடிஞ்சுது. உடன மற்ற ஆக்களுக்கும் சொல்லிப் போட வேணும், இல்லாட்டி அவர் மற்றப் பக்கத்தால போய் இன்னொரு பிள்ளையிட்ட வாங்குவார். கடைசியா, ஆருக்கு எப்ப மறுத்தது எண்டு குறிச்சு வைக்கிற மறுப்புப் புத்தகத்தில எழுத வேணும். உம்மட பப்பிலயும் கட்டாயம் எங்கயோ ஒண்டு கிடக்கும், தேடிப் பாரும்.


திருச்சி நர்ஸ்
சனி, இரவு 9:20

நான் இங்க ஒரு ஊர்ல ஏ அண்ட் இ (அவசர சிகிச்சை) டிபார்ட்மெண்ட்ல நைட் ஷிஃப்ட் பாக்குறேன், ஆறு வருஷமா. வெள்ளி சனி ராத்திரி எங்க பக்கம் எப்படி இருக்கும்னு பப்ல வேலை பாக்குறவங்களுக்கு தெரியணும்.

மதுரைக்காரி, நெத்தில அடிபட்டதுக்கு தையல் போட்டு அனுப்பினாங்கன்னா ஸ்கேன் தேவையான்னு பாத்திருப்பாங்க. ஆனாலும் சொல்றேன், குடிச்சவங்களுக்குத் தலைல அடிபட்டா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா வாந்தி, குழறல், தூக்கம் எல்லாமே குடியாலன்னு நெனச்சு விட்டுடுவாங்க, உள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கும். அறுபது வயசுக்காரர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவரா இருந்தா இன்னும் ஆபத்து. அன்னிக்கே 999 (இங்க அவசர உதவி நம்பர்) கூப்பிட்டிருக்கணும். கூட குடிச்சவர் கார் ஓட்டிக் கூட்டிட்டுப் போனது இன்னொரு விபத்து ஆகாம இருந்தது அவங்க நல்ல நேரம்.

இதுக்கு எதிர்ப் பக்கமும் இருக்கு, குடிச்ச மாதிரி தெரியும், குடிச்சிருக்க மாட்டாங்க. சர்க்கரை கம்மியாகிப் போனவங்க, பக்கவாதம் வந்துக்கிட்டு இருக்கிறவங்க, வலிப்பு வந்து முடிஞ்சவங்க, இவங்கள்லாம் தள்ளாடுவாங்க, வாய் குழறும். பப்ல இருந்து குடிகாரர்னு வெளிய தள்ளப்பட்டு ரோட்டோரம் கிடந்து எங்ககிட்ட வந்த ஒரு டயாபடிக் பேஷண்டை நான் பாத்திருக்கேன். அதனால வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி எத்தனை குடிச்சார், கைல நோய் விவரம் எழுதின பட்டை ஏதும் கட்டியிருக்காரா, முகம் ஒரு பக்கம் கோணியிருக்கான்னு ஒரு நிமிஷம் பாருங்க.

யாராச்சும் தூங்கிட்டா "போதை தெளியட்டும்"னு மூலைல விட்டுடாதீங்க. தட்டி எழுப்பினா எழுந்திரிக்கல, மூச்சு ரொம்ப மெதுவா, விட்டு விட்டு வருது, தோல் ஜில்லுன்னு இருக்கு, உதடு நீலமா இருக்குன்னா உடனே 999, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு கூடவே ஒருத்தர் இருக்கணும். காபி குடுத்தா தெளியும், தலைல தண்ணி ஊத்தினா தெளியும்ங்கறது எல்லாம் பொய். உடம்பு சுமாரா ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் (10 மில்லி சுத்த ஆல்கஹால்) தான் வெளியேத்தும், 4 சதவீத பீர் ஒரு பைண்ட்லயே 2.3 யூனிட் இருக்கு. கணக்குப் போட்டுக்கங்க, அஞ்சு மணில இருந்து பத்து மணி வரை எத்தனை உள்ள போயிருக்கும்னு.

இன்னொன்னு சொல்லிட்டுப் போறேன். யாராச்சும் அடிபட்டு வந்தா எந்த இடத்துல, எத்தனை மணிக்கு, எதால அடிச்சாங்கன்னு கேட்டு, பேர் இல்லாம, அந்தத் தகவலை கவுன்சிலுக்கும் போலீஸுக்கும் குடுக்குற முறை நிறைய ஹாஸ்பிடல்ல இருக்கு. இது கார்டிஃப்ல ஜோனதன் ஷெப்பர்ட்னு ஒரு முக அறுவை சிகிச்சை டாக்டர் ஆரம்பிச்சது. முகம் கிழிஞ்சு வர்றவங்களைத் தைச்சுத் தைச்சுப் பாத்தவர், இவங்கள்ல நிறையப் பேர் போலீஸுக்கே போகலன்னு கண்டுபிடிச்சார். எந்த பப்ல இருந்து அடிக்கடி ஆள் வர்றாங்கன்னு போலீஸுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். உடைஞ்சா கத்தி மாதிரி ஆகுற கிளாஸுக்குப் பதிலா பொடிப்பொடியா உதிர்ற கெட்டிக் கிளாஸ் கொண்டு வரணும்னு குரல் குடுத்ததுலயும் அவர் முக்கியமானவர். உங்க பப் கிளாஸ் அடில என்ன முத்திரை இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.


சென்னை பார் கேப்டன்
ஞாயிறு, காலை 11:10

இந்த இழையை ராத்திரி முழுக்கப் படிச்சேன். நான் சென்னைல ஒரு ஸ்டார் ஹோட்டல் பார்ல கேப்டன், ஹோட்டல் பாருக்குக் குடுக்குற எஃப்எல்3 லைசென்ஸ் இடம். பதினோரு வருஷ சர்வீஸ்.

எங்க ஊர்லயும் ரூல் இருக்கு. 21 வயசுக்குக் கீழ ஊத்தக்கூடாது, அது தமிழ்நாட்டுச் சட்டம். ஆனா கெஸ்ட் பெரிய இடத்துப் பையன், கூட நாலு பேர், கார் சாவியை வேலே (வண்டியை வாங்கி நிறுத்துற பையன்) கிட்ட வீசிட்டு வர்றான்னா எந்த ஸ்டீவர்டுக்கு ஐடி கேக்குற தைரியம் வரும்? கேட்டா அடுத்த நிமிஷம் மேல இருந்து போன் வரும். இங்கயும் அதேதான் பா, கேட்டவன் பின்னாடி யாரும் நிக்க மாட்டாங்க. கார் விஷயம் இன்னும் மோசம். உங்க ஊர்ல வண்டி ஓட்ட 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரைக்கும் விடுறாங்க, ஸ்காட்லாந்துல 50, நம்ம ஊர்ல 30தான், ஆனா காரை வாசல்ல கொண்டு வந்து நிறுத்தி கதவைத் திறந்து விடுறதே எங்க ஆள்தான். எங்க இடத்துல ரெண்டு வருஷமா வேலே பசங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஆள் தள்ளாடினா சாவி கிடைக்கலன்னு சொல்லு, அதுக்குள்ள டிரைவருக்கு நான் ஏற்பாடு பண்றேன்னு. மேனேஜ்மெண்ட் வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. எழுத்துல ஒன்னும் கிடையாது. நான் இந்த ஹோட்டலை விட்டுப் போனா அதுவும் போயிடும்.

நீங்க எல்லாரும் கஸ்டமரைப் பத்தியே பேசுறீங்க. செத்துப் போறது யாருன்னு பாருங்க. 2024 மார்ச் 28, ஆழ்வார்பேட்டைல ஒரு பார்ல மேற்கூரை இடிஞ்சு மூணு பேர் போனாங்க, மூணு பேரும் வேலை பாத்த பசங்க, ரெண்டு பேர் மணிப்பூர்ல இருந்து பொழைக்க வந்தவங்க. 2025 டிசம்பர்ல கோவா அர்போரா நைட் கிளப்ல தீப்பிடிச்சு 25 பேர், அதுலயும் பெரும்பாலானவங்க கிச்சன்லயும் சர்வீஸ்லயும் இருந்தவங்க. 2017 டிசம்பர் மும்பை கமலா மில்ஸ் தீயில 14 பேர், நிறையப் பேர் வெளிய வர வழி தெரியாம பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க. கஸ்டமர் மெயின் வாசல் வழியா வந்தவன், அவனுக்கு அந்த வழியாச்சும் தெரியும். அடித்தளத்து கிச்சன்ல பாத்திரம் கழுவுறவனுக்கு பின் கதவு ஒன்னுதான், அதுக்கு முன்னாடிதான் காலி பாட்டில் கிரேட் அடுக்கி வச்சிருப்பாங்க. நான் தினமும் டூட்டி ஏறினதும் முதல் வேலையா அந்தக் கதவைத் தள்ளிப் பாப்பேன். திறக்கலன்னா பாரைத் திறக்க மாட்டேன், என்ன ஆனாலும் சரி.


தூத்துக்குடி ராஜ்
ஞாயிறு, மதியம் 2:00

கேப்டன் அண்ணா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எழுதவே முடியல. மச்சான் பப்ல பின் கதவுக்குப் பக்கத்துலதான் காலிப் பீப்பா அடுக்குவோம், லாரி வர்றவங்களுக்கு எடுக்க சௌகரியம்னு. ஃபயர் ரிஸ்க் அசெஸ்மெண்ட் பேப்பர் ஒன்னு ஆபீஸ்ல ஃபைல்ல இருந்துச்சு, அதை நாங்க யாரும் திறந்ததே இல்ல. நாலு வருஷம் ஒன்னும் ஆகலங்கறது எங்க சாமர்த்தியம் இல்லன்னு இப்ப புரியுது.

வல்வை அண்ணா, ஒரு சந்தேகம். இந்த "பெஸ்ட் பார் நன்" (Best Bar None) அப்படின்னு ஒரு அவார்டு ஸ்டிக்கர் சில பப் கதவுல ஒட்டியிருக்கே, அதெல்லாம் உண்மையிலேயே பாத்துத்தான் குடுக்குறாங்களா? மச்சானைச் சேரச் சொல்லி ஒரு தடவை வந்தாங்க, சுவத்துல மாட்டத்தான் இதுன்னு அவர் விட்டுட்டார்.


வல்வை அண்ணா
ஞாயிறு, மாலை 6:45

அது 2003ல மான்செஸ்டர்ல துவங்கினது. பொலிஸ், கவுன்சில், பப் நடத்துற ஆக்கள் மூண்டு பேரும் சேர்ந்து, தாங்களாவே விரும்பிச் சேருற திட்டம், உள்துறை அமைச்சின்ர ஆதரவும் இருக்கு. எங்கட இடத்துக்கு ரெண்டு முறை வந்து பார்த்தவை. முதல் முறை வந்த மனுசன் என்ர ஃபைலை நாலு நிமிசம்கூடப் பார்க்கேல்லை. நேர கிளாஸ் பொறுக்கிக்கொண்டு நிண்ட பெடியனிட்டப் போய் "இப்ப நெருப்பு மணி அடிச்சா நீ எங்க போவாய்?" எண்டு கேட்டார். பெடியன் முழிச்சான். பேந்து கவுண்டர்ல நிண்ட பிள்ளையிட்ட "ஏஞ்சலா இருக்கிறாவோ எண்டு ஆரும் வந்து கேட்டா என்ன செய்வீர்?" எண்டார். அவ, அப்பிடி ஒருத்தரும் இஞ்ச வேலை செய்யேல்லை எண்டு சொன்னா. எனக்கு நிலத்துக்குள்ள போயிடலாம் போல இருந்தது. சுவரில அந்தப் போஸ்டர் நானே ஒட்டினது.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். 2016ல லிங்கன்ஷயர்ல துவங்கின முறை அது. டேட்டிங் எண்டு வந்த இடத்தில பயமா இருந்தா, ஆரும் பின்னால வாறாங்கள் எண்டா, கவுண்டருக்கு வந்து ஏஞ்சலாவைக் கேட்கலாம். கேட்டா ஒரு கேள்வியும் கேளாம உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய், ரக்சி பிடிச்சு, தேவை எண்டா பொலிசைக் கூப்பிட்டு அனுப்ப வேணும். 2024ல பிபிசி லண்டன்ல சில இடங்களுக்கு ஆள் அனுப்பிச் சோதிச்சவை, பாதிக்கு மேல இடங்களில கவுண்டர்ல நிண்ட ஆக்களுக்கு விளங்கேல்லை. அந்த நேரம் வந்து கேட்கிற பிள்ளைக்கு உலகத்தில வேற ஒரு கதவும் இல்லை எண்டுதான் அவ வந்து கேட்கிறா. அவவுக்கு "அப்பிடி ஆரும் இல்லை" எண்டு பதில் சொல்லுறது எவ்வளவு பெரிய பாவம்.

ஆனபடியா ராஜ், ஸ்டிக்கர் முக்கியமில்லை, அந்த மனுசன் கேட்ட கேள்விதான் முக்கியம். நான் இப்ப ஒவ்வொரு வெள்ளியும் கடை திறக்க முந்தி அஞ்சு நிமிசம் எல்லாரையும் நிப்பாட்டி ஒரு கேள்வி கேட்கிறன். ஒரு கிழமை ஏஞ்சலா, ஒரு கிழமை நெருப்பு, ஒரு கிழமை ஆற்றையோ கிளாஸுக்குள்ள என்னவோ போட்டிட்டாங்கள் எண்டு சொன்னா அந்தக் கிளாஸை என்ன செய்யிறது. ஊத்திக் கழுவக் கூடாது, மூடி வச்சுப் பொலிசிட்டக் குடுக்க வேணும். இப்பிடி.

பப்வாட்சிலயும் சேரச் சொல்லுங்கோ உங்கட மச்சானை. ஒரு ஊர்ப் பப்காரர் எல்லாரும் சேர்ந்து, ஒரு இடத்தில கத்தி தூக்கினவனை எல்லா இடத்திலயும் விடாம வைக்கிற ஏற்பாடு. ரெகுலர் எதிர் பப்புக்குப் போயிடுவார் எண்டு சொன்னீங்கள் எல்லோ? எதிர் பப்காரனோட கதைச்சு வச்சா அந்தப் பயமும் பாதி குறையும். ரெண்டு பேரும் மறுத்தா மனுசன் வீட்டை போவார்.


மதுரைக்காரி
புதன், இரவு 11:30

நேத்து மதியம் மேனேஜர்கிட்ட பேசிட்டேன். கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து, எழுதி வச்சதை எடுத்துக்கிட்டு போனேன். கை நடுங்குச்சு. 141ம் பிரிவுன்னு ஆரம்பிச்சேன், அவர் "எனக்குத் தெரியும்"னு நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசல. அப்புறம் சொன்னார், ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தாராம், மனைவி போனதுக்கு அப்புறம் தனியாத்தான் இருக்காராம், வீட்ல ஃப்ரிட்ஜ்ல ஒன்னுமே இல்லையாம். "நான் அவருக்கு நல்லது பண்றதா நெனச்சேன்"னார். மன்னிப்பு எல்லாம் கேக்கல. ஆனா ஆபீஸ் அலமாரியில இருந்து மறுப்புப் புத்தகத்தை எடுத்துட்டு வந்து தூசி தட்டி கவுண்டர் அடில வச்சார். கடைசியா எழுதினது ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி.

இனிமே நீ மறுத்தா நான் அவங்க முன்னாடி மாத்த மாட்டேன், ஆனா முடிஞ்சா எனக்கு முன்னாடியே கண் காட்டு, நானும் வந்து பக்கத்துல நிக்கிறேன்னு சொல்லியிருக்கார். வெள்ளிக்கிழமை என்ன ஆகுதுன்னு பாக்கணும். அந்த மனுஷன் இன்னும் பப்புக்கு வரல. வருவாரா, என்னைப் பாத்தா பேசுவாரான்னு தெரியல. அவர் வந்தா சூப்பும் ரொட்டியும் நான் வாங்கிக் குடுக்கணும்னு இருக்கேன்.

நர்ஸ் அக்கா, கிளாஸ் அடில பாத்தேன், பைண்ட் கிளாஸ் எல்லாம் கெட்டிக் கிளாஸ்தான், ஆனா ஒயின் கிளாஸ் இல்ல.

அண்ணா, ஒன்னு கேக்கணும். சனிக்கிழமை நான்தான் க்ளோசிங், பீப்பா மாத்த கீழ செல்லாருக்கு (பீர் பீப்பா வைக்கிற நிலவறை) தனியா போகணும். இறங்குற படிக்கு மேல ஒரு சின்னப் பெட்டி இருக்கு, கேஸ் அலாரம்னாங்க. முன்னாடி பச்சை லைட் எரியும், ரெண்டு வாரமா எரியல. கேட்டா பேட்டரியா இருக்கும்ங்கறாங்க. இதுவும் பெரிய விஷயமா?


வல்வை அண்ணா
புதன், இரவு 11:42

தங்கச்சி, கீழ இறங்காதையும்.

பீரைத் தள்ளுறது கார்பன் டை ஆக்சைட். மணமும் இல்லை, நிறமும் இல்லை, காத்தை விடப் பாரம், கசிஞ்சா செல்லாரின்ர அடியில தேங்கி நிக்கும். எட்டு மணித்தியால வேலைக்கு 0.5 வீதம்தான் அளவு, 15 நிமிசத்துக்கு 1.5 வீதம். அதுக்கு மேல போனா தலையிடி, மூச்சு வாங்கும், கூடக் கூடப் படியில ஏறி வரவே கால் வராது. பச்சை லைட் எரியேல்லை எண்டா அங்க காத்து எப்பிடி இருக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட ஊரில கிணத்துக்குள்ள இறங்கினவரைத் தூக்கப் போய் ரெண்டாவது ஆளும் விழுந்த கதை உமக்குத் தெரியும்தானே, செல்லாரும் அப்பிடித்தான். ஆரும் விழுந்து கிடந்தாக்கூட இறங்கப்படாது, 999 அடிச்சு கேஸ் எண்டு சொல்ல வேணும்.

அலாரம் திருத்தும் மட்டும் கீழ வேலை இல்லை எண்டு இப்பவே மனேஜருக்கு எழுத்தில மெசேஜ் போடும். பீப்பா முடிஞ்சா அந்தக் குழாயை மூடி வைக்கட்டும், மற்ற பீர் விக்கலாம். அலாரம் பூட்டின கொம்பனிக்கு அவர் போன் அடிக்க வேணும், பேட்டரி எண்டு ஊகிக்கப்படாது.


திருச்சி நர்ஸ்
புதன், இரவு 11:55

அண்ணா சொல்றதைக் கேளு மா. தனியா கண்டிப்பாப் போகாத.


மதுரைக்காரி
வியாழன், அதிகாலை 12:20

மெசேஜ் போட்டுட்டேன். அலாரம் சரியாகுற வரைக்கும் நான் கீழ இறங்க மாட்டேன், வேற யாரையும் இறக்காதீங்கன்னு எழுதினேன். ரெண்டு நீல டிக் வந்துடுச்சு. டைப் பண்றார், நிறுத்துறார், திரும்ப டைப் பண்றார்.

"சரி. செல்லாரைப் பூட்டிடறேன். காலைல கூப்பிடறேன் அவங்களை."